சுந்தர்சிங் ஊற்றிய ஆயில்

சேலையூர் சுந்தர்சிங்குக்குத் தலைப்பாகையும் கிடையாது, தாடியும் கிடையாது. அப்பா எதையோ நினைத்துக்கொண்டு வைத்த பெயர். காகிதத்தில் அந்தப் பெயரைப் பார்த்தவர்கள், ஆள் நேரில் வந்து நின்றதும் அவருக்குப் பின்னால் சர்தார்ஜி யாராவது வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பார்கள். “நான்தாங்க அது” என்று சொல்லிச் சொல்லியே மனிதருக்கு ஐம்பது வயதாகிவிட்டது. கிண்டியில் ஒரு சர்க்கார் ஆபீசில் ஹெட் கிளார்க். யார் வம்புக்கும் போகாதவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். அவரால் எதையும் முடிவு செய்ய முடியாது.

முடியாது என்றால் முடியவே முடியாது. ஒரு மேஜை விசிறி வாங்க இரண்டு கோடைகாலம் யோசித்தார். மூன்றாவது கோடையில் மனைவி ரத்தினபாய் தானே போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். தாம்பரம் ஸ்டேஷன் எதிரே இருந்த ஹோட்டலில் இட்லியா தோசையா என்று அவர் யோசித்துக்கொண்டே இருப்பார். சர்வர் மூன்று முறை வந்து பார்த்துவிட்டு, நாலாவது முறை அவனாகவே ஒரு பிளேட் பொங்கலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான். சுந்தர்சிங் நன்றியோடு சாப்பிடுவார். ஆபீசில் இதற்குப் பெயர் நிதானம். அதற்காக ஒரு பிரமோஷன்கூடக் கொடுத்தார்கள். வீட்டில் ரத்தினபாய் இதற்கு என்ன பெயர் வைத்திருந்தாள் என்று இங்கே எழுத முடியாது. அவள் பள்ளிக்கூட டீச்சர், மரியாதைப்பட்ட பெண்மணி.

விசிறியோடும் பொங்கலோடும் போயிருந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் ரத்தினபாய்க்கு ஐசக் என்று ஒரு தம்பி இருந்தான். அப்பா அம்மா இல்லாதவன். குவைத்தில் ஒரு கார் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பெண் பார்த்தால், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்ற முறையில் வாக்குக் கொடுக்க வேண்டியவர் அத்தான் சுந்தர்சிங்தான். கெட்டது குடி! பாளையங்கோட்டையில் ஒரு நர்ஸ் பெண், தங்கமான பெண், எல்லாம் பொருந்தி வந்தது. ‘சம்மதமா இல்லையா, ஒரு வரி எழுதுங்கள்’ என்று பெண்ணின் அப்பா கடிதம் போட்டார். ‘ஆலோசித்து எழுதுகிறோம்’ என்று இவர் பதில் போட்டார். அந்த ஒரே பதிலை நாலு மாதத்தில் மூன்று தடவை போட்டார். நாலாவதாக அங்கிருந்து வந்தது அந்தப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளை வேறு யாரோ. ரத்தினபாய் அன்றைக்குச் சமைக்கவில்லை. ஐசக்குக்கு இப்போது முப்பத்தாறு வயது.

ஐசக்கும் லேசுப்பட்ட ஆளில்லை. அவனுக்குப் பேசத் தெரிந்த விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: என்ஜின் ஆயில். அவன் கடிதத்தில் உடம்பு நலம் இரண்டு வரி, ஆயில் இரண்டு பக்கம். முன்பு ஒரு தடவை லீவில் வந்தபோது நாசரேத்தில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனார்கள். “உங்களுக்கு என்ன பிடிக்கும்?” என்று பெண் கேட்டிருக்கிறாள். முக்கால் மணி நேரம் ஆயிலின் கெட்டித்தன்மை பற்றிச் சொல்லியிருக்கிறான். அந்தப் பெண் எழுந்து உள்ளே போனவள் திரும்பி வரவேயில்லை.

எழுபத்தேழாம் வருஷம் ஜனவரியில் அந்த ஐசக், ஊருக்கு வந்த ஒரு நண்பர் கையில் ஒரு டின் கொடுத்தனுப்பினான். பளபளவென்று வெள்ளி நிறத்தில் ஒரு டின். சிந்தெடிக் ஆயில். ‘அத்தான், இது பூமியிலிருந்து எடுத்ததை அப்படியே வடிகட்டிய எண்ணெய் இல்லை. லேபரட்டரியில் செய்தது. உங்கள் லேண்ட்மாஸ்டர் காருக்கு இதை ஊற்றுங்கள். என்ஜின் ராஜா மாதிரி ஓடும். ஏப்ரலில் நான் வந்து ஓட்டிப் பார்க்கிறேன்’ என்று கடிதம்.

லேண்ட்மாஸ்டர் இருபத்தோரு வயதுக் கார். அதைக்கூட சுந்தர்சிங் யோசித்து வாங்கவில்லை. மாற்றலாகிப் போன ஒரு ஆபீசர் சாவியை அவர் கையில் திணித்துவிட்டு ரயிலேறிவிட்டார். இப்போது அதற்குள் எந்த ஆயிலை ஊற்றுவது? வழக்கமாக ஊற்றுகிற சாதா நாற்பது நம்பர் ஆயிலா, மச்சினனின் வெள்ளி டின்னா?

மனிதர் டின்னைத் தூக்கிக்கொண்டு குரோம்பேட்டைக்குப் போனார். அங்கே ஜி.எஸ்.டி. ரோட்டோரம் சிட்டிபாபுவின் மெக்கானிக் ஷெட். இந்த வண்டியின் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

“இன்னா சார், டின்னு ஜோரா கீது!” என்று வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான் சிட்டிபாபு. “ஆனா ஒன்னு சொல்றேன், மனசுல வச்சிக்க. உன் வண்டி பொறந்ததுலேர்ந்து சாதா ஆயிலு குடிச்சி வளந்த வண்டி. உள்ளாற கசடு புடிச்சிகினு கீது. அந்தக் கசடுதான் ஓட்டையெல்லாம் அடைச்சிகினு கீது. இந்த ஃபாரின் ஆயிலு சோப்பு மாரி. உள்ள போயி சுத்தமா கழுவி உட்ரும்.”

“சுத்தமானா நல்லதுதானே?”

“இன்னா சார் நீ! அடைப்பு போச்சின்னா ஒழுவாதா? அப்பால பேஜாரு. புது வண்டின்னா கண்ண மூடிகினு ஊத்து. இதுக்கு நம்ம நாப்பது நம்பரே கரீட்டு.” சொல்லிவிட்டு டிரம்மிலிருந்து நாலு லிட்டர் சாதா ஆயிலை ஒரு கேனில் பிடித்து, கேட்காமலே காரில் வைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ரத்தினபாய் பிடித்துக்கொண்டாள். “அவன் பாலைவனத்துல வெந்துகிட்டு, ஆசையா அனுப்பியிருக்கான். இங்க உங்களுக்கு மெக்கானிக் பேச்சு பெருசாப் போச்சா? வந்து கேட்டா என்ன சொல்றது? ஷோகேஸ்ல வச்சு அழகு பாத்தோம்னா?”

உண்மையில் டின் ஷோகேசில்தான் இருந்தது, பிளாஸ்டிக் ரோஜாவுக்கும் மரயானைக்கும் நடுவில். பக்கத்து வீட்டுப் பட்டாபிராமன் பேப்பர் வாங்க வந்தவர் அதைப் பார்த்தார். கதரைத் தவிர வேறொன்றும் உடுத்தாதவர். “சிந்தெடிக்கா? டெரிலின் சட்டை போட்டா எனக்கு உடம்பெல்லாம் அரிக்கிறது சார். என்ஜினுக்கு அரிக்காதுன்னு என்ன நிச்சயம்?” என்று சொல்லிவிட்டுப் பேப்பரோடு போய்விட்டார். அவர் போய்விட்டார், அந்த வார்த்தை போகவில்லை. சுந்தர்சிங் ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டு முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

பிப்ரவரி போயிற்று. மார்ச் போயிற்று. சர்ச் வாசலில் ஆராதனை முடிந்ததும் ஆயில் ஆராதனை ஆரம்பமாகும். பாதிப் பேர் சாதா கட்சி, பாதிப் பேர் சிந்தெடிக் கட்சி. காரே இல்லாதவர்கள்தான் அதிகம் கத்தினார்கள். சுந்தர்சிங் எல்லாரிடமும் கேட்டார். எல்லார் சொன்னதும் அவருக்குச் சரியாகப்பட்டது. அதுதானே அவருடைய வியாதி!

ஐசக் வர இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு விடியற்காலை அவருக்கு ஞானோதயம் வந்தது. பழைய ஆயிலை வடித்தார். வெள்ளி டின்னிலிருந்து பாதி ஊற்றினார். சிட்டிபாபுவின் கேனிலிருந்து பாதி ஊற்றினார். காப்பி போட எழுந்த ரத்தினபாயிடம், “உன் தம்பி ஆயில ஊத்திட்டேன்” என்றார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. சாயங்காலம் குரோம்பேட்டையில் சிட்டிபாபுவிடம், “உன் ஆயில ஊத்திட்டேன்” என்றார். அவனும் சந்தோஷப்பட்டான். இரண்டும் பொய்யில்லை பாருங்கள். இருபத்தெட்டு வருஷம் சர்க்கார் கோப்பு எழுதிய மூளைக்கு மட்டுமே இது தோன்றும்.

ஒரு வாரம் வண்டி அருமையாக ஓடியது. எட்டாம் நாள் காலையில் காருக்கு அடியில் அஞ்சு பைசா அளவுக்குக் கறுப்பாக ஒரு பொட்டு. மறுநாள் தோசை அளவு. சுந்தர்சிங் பழைய அலுமினியத் தட்டு ஒன்றைக் காருக்கு அடியில் தள்ளி வைத்தார். குறைகிற ஆயிலுக்கு, மீதி டின்னையும் மீதி கேனையும் திருட்டுத்தனமாக, அப்போதும் பாதிக்குப் பாதி, ஊற்றிக்கொண்டே வந்தார். ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை ஐசக் வந்து இறங்கியபோது இரண்டும் காலி.

ரத்தினபாய் இதற்குள் சிங்கப்பெருமாள் கோவில் என்கிற ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள். தபீதாள். வயது முப்பத்தொன்று, ஸ்கூலில் சயன்ஸ் டீச்சர். அப்பா ஏசுதாசன் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், கடிகாரத்துக்குப் பிறந்தவர். இருபது நிமிஷம் தாமதமாக வந்த ஒரு மாப்பிள்ளைக்கு வாசலிலேயே மோர் கொடுத்துத் திருப்பியனுப்பியவர். ஐசக்குக்கு லீவு மே இருபத்திரண்டு வரைதான். சர்ச்சில் கல்யாண அறிவிப்பான ஓலையை மூன்று ஞாயிறு வாசித்தாக வேண்டும். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை நாலு மணிக்குப் பெண் பார்த்து, அங்கேயே வாக்குக் கொடுத்து, மறுநாளே முதல் ஓலை வாசித்தால்தான் கல்யாணம். அன்றைக்கு விட்டால் அவன் மறுபடி வர மூன்று வருஷம்.

“ரெண்டே ரெண்டு விஷயம்” என்று கிளம்பும்போது ரத்தினபாய் விரலை நீட்டினாள். “டேய் ஐசக், அங்க ஆயில் பத்தி மூச்சு விடக் கூடாது. நீங்க, ‘ஆலோசிச்சு எழுதறோம்’னு சொன்னீங்க, நான் அந்த வீட்டுக் கிணத்துல விழுந்துருவேன்.”

இரண்டு ஆண்களும் தலையை ஆட்டினார்கள்.

கூடுவாஞ்சேரி தாண்டியதும் காரில் ஆயில் விளக்குச் சிவப்பாக எரிந்தது. என்ஜினுக்குள் கடகடவென்று சத்தம். வண்டியை ஓரம் கட்டினார்கள். ஐசக் வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பானெட்டைத் திறந்தான். ஆயில் அளக்கும் குச்சியை உருவினான். நுனியில் ஒரு சொட்டுதான் இருந்தது. அதை விரலில் தடவி முகர்ந்து பார்த்தான்.

“அத்தான், இது என் ஆயில் இல்ல.” மறுபடி முகர்ந்தான். “என் ஆயிலும் இருக்கு. கூட வேற எதுவோ இருக்கு.”

சுந்தர்சிங் ரோட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார்.

“பாதி பாதியா?” என்றான் ஐசக்.

“அவன் ஆயில ஊத்தினேன்னு எங்கிட்டச் சொன்னீங்களே!” என்றாள் ரத்தினபாய்.

“அதுவும் உள்ளதானே இருக்கு” என்றார் சுந்தர்சிங்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மணி மூன்று இருபத்தைந்து. எதிரே டீக்கடையில் செங்கல் ஏற்றிய டிராக்டர் ஒன்று நின்றது. டிரைவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து கரிபிடித்த ஒரு கேனை எடுத்துக்கொண்டு வந்தான். “டிராக்டர் ஆயிலுங்க. ஊத்திகினு போங்க, ஒன்னும் ஆவாது.”

“மூணாவதா ஒரு ஆயிலா?” என்று பதறினான் ஐசக். “வேண்டாம் அத்தான். எல்லாத்தையும் வடிச்சு, கழுவிட்டுத்தான் ஊத்தணும்.”

சுந்தர்சிங் யோசிக்க ஆரம்பித்தார். டிராக்டர்காரனிடம் இரண்டு கேள்வி கேட்டார். டீக்கடைக்காரரிடம் அபிப்பிராயம் கேட்டார். சைக்கிளில் போன ஒருவரை நிறுத்தி, “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்றார். அவர் திரும்புவதற்குள் ரத்தினபாய் பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேனைப் பிடுங்கி, மடமடவென்று தானே ஊற்றி மூடியைத் திருகிவிட்டாள். “ஏறுங்க ரெண்டு பேரும்” என்றாள். ஏறினார்கள்.

மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கார் ஏசுதாசன் வீட்டு வாசலில் நுழைந்து நின்றது. அவர் கடிகாரத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பெண் பார்க்க வருகிறார்கள் என்று அந்த வாரத்திலேயே முற்றம் முழுக்கப் புதுச் சிமெண்ட் போட்டிருந்தார். அந்தச் சிமெண்டின் நட்ட நடுவில்தான் கார் நின்றது.

எல்லாரும் உட்கார்ந்ததும், “ஜெபத்தோட தொடங்குவோம்” என்று ஏசுதாசன் கண்ணை மூடினார். ஹெட்மாஸ்டர் ஜெபம். ஆதாமில் ஆரம்பித்து ஒவ்வொரு தலைமுறையாக வந்துகொண்டிருந்தார். சுந்தர்சிங்குக்குக் கண் மூட முடியவில்லை. இமை இடுக்கு வழியாக வாசலைப் பார்த்தார். காருக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒரு கோடு கிளம்பி, சிமெண்ட் சரிவில் நெளிந்து, வீட்டுப் படியை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஆண்டவரே! பார்வையைத் திருப்பினால், உள்வாசல் நிலையில் நின்ற தபீதாளும் கண்ணைத் திறந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள். இரண்டு பேரும் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார்கள். ஐசக் கண் மூடியபடியே இருந்தான். ஆனால் மூக்கு மட்டும் துடித்தது.

ஆமென் சொல்லி ஏசுதாசன் கண்ணைத் திறந்தபோது கோடு படிக்கட்டைத் தொட்டிருந்தது.

“இது என்ன?” என்றார்.

ரத்தினபாய் தம்பியைப் பார்த்த பார்வையில் நெருப்புப் பறந்தது. ஐசக் உதட்டைக் கடித்தான், கைக்குட்டையைக் கசக்கினான், நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. “என்னன்னு கேட்டேன்” என்றார் ஏசுதாசன் மறுபடி. உடைந்தது அணை.

“ஆயில் சார்” என்றான் ஐசக். “மூணு விதமான ஆயில் சார்.”

அப்புறம் அவனை யாராலும் நிறுத்த முடியவில்லை. சாதா ஆயில் எப்படி எண்ணெய்க் கிணற்றிலிருந்து வருகிறது, சிந்தெடிக் எப்படிச் செய்கிறார்கள், பழைய என்ஜினின் கசடு எதை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று எல்லாம் வந்து விழுந்தது. ரத்தினபாய் கண்ணை மூடி இரண்டாவது ஜெபம் ஆரம்பித்துவிட்டாள்.

தபீதாள் நிலையைவிட்டு முன்னால் வந்தாள். “அப்படின்னா ஒழுகினதுக்குக் காரணம், கலந்ததா? இல்ல அந்த சிந்தெடிக்கா?”

ஐசக் ஒரு நிமிஷம் அத்தானைப் பார்த்தான். அந்த நிமிஷம் சுந்தர்சிங்குக்கு உயிர் போய் வந்தது.

“கலந்ததால இல்லைங்க” என்றான் ஐசக். “தப்பு என்னோடது. வண்டிக்கு இருபத்தோரு வயசு. அதுக்கு சாதா ஆயில்தான் சரி. அது எனக்குத் தெரியும். குவைத்துலேர்ந்து உசத்தியா ஒண்ணு அனுப்பணும்னு வீம்புக்கு அனுப்பினேன். அத்தான் யார் மனசும் நோகக் கூடாதுன்னு பாத்திருக்காங்க. சிமெண்டை நான் கழுவிக் கொடுத்துடறேன் சார்.”

ஏசுதாசன் முற்றத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். “நீ என்னம்மா சொல்ற?”

“எனக்குச் சரி அப்பா” என்றாள் தபீதாள். கறுப்புக் கோட்டைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏசுதாசன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு சுந்தர்சிங்குக்கு நேராக உட்கார்ந்தார். “மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் நீங்க. நாளைக்கு ஓலை வாசிக்கணும்னா நான் இப்பவே போதகருக்குச் சொல்லி அனுப்பணும். வீட்டுக்குப் போய் எழுதறோம்ங்கிற பேச்சு எனக்கு ஆகாது. சம்மதமா?”

சுந்தர்சிங்கின் தொண்டைக்குள் அந்தப் பழைய வாக்கியம் ஏறி வந்தது. ஆலோசித்து எழுதுகிறோம். இத்தனை வருஷப் பழக்கம், தானாக வந்து நின்றது. தபீதாள் நல்ல பெண்தான், ஆனால் சீக்கிரம் சிரிக்கிறாளோ? பட்டாபிராமனை ஒரு வார்த்தை கேட்டால் என்ன? ரத்தினபாய் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். அவர் ஐசக்கைப் பார்த்தார். அவன் இவர் பக்கமே திரும்பவில்லை. பதில் என்ன வரும் என்று தெரிந்தவன் மாதிரி, மடித்துவிட்ட சட்டைக் கையை மெல்ல இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான், கிளம்புவதற்காக. பாளையங்கோட்டைக் கடிதத்துக்காக அவன் ஒருநாள்கூட இவரைக் குறை சொன்னதில்லை. சுந்தர்சிங்குக்குத் தன் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது.

“சொல்லி அனுப்புங்க” என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “நாளைக்கே ஓலை வாசிக்கட்டும். கல்யாணம் மே பதினெட்டு, புதன்கிழமை.”

ஐசக் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

கார் அதற்குமேல் ஓரடிகூட நகராது என்று தெரிந்துவிட்டது. ஐசக் சட்டையைக் கழற்றிவிட்டு, மரத்தூளும் சாம்பலும் போட்டுச் சிமெண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தபீதாள் மண்ணெண்ணெய் பாட்டிலோடு பக்கத்தில் நின்று கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். அவனை அங்கேயே விட்டுவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் ரயிலுக்கு வந்தார்கள்.

ஜன்னலோரம் உட்கார்ந்த ரத்தினபாய் வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மே பதினெட்டுன்னு யாரைக் கேட்டுச் சொன்னீங்க?”

“யாரையும் கேக்கல.”

அவ்வளவுதான், அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. எதிர் சீட்டில் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட அவள் கவலைப்படவில்லை. சுந்தர்சிங்கின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ரத்தினம், புதன்கிழமையா வியாழக்கிழமையான்னு இன்னொரு தடவை யோசிச்சிருக்கலாமோ?” என்றார் மெதுவாக.

“வாயத் தொறந்தீங்க, கொன்னுடுவேன்” என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக. தாம்பரம் வரும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. அவளும் அவர் கையை விடவில்லை.